வானம் சரியாக உள்ளது

வானத்தை யாராவது கையெழுத்துப் போட்டுச் சரிபார்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நிலாக்காவும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்படித்தான் கேட்டாள். மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கையெழுத்து இல்லாம எதும்மா சரியா இருக்கும்?" என்றார். 

இடம் ஒரு கோளரங்கம். வட்டமான கூடம், மேலே கவிழ்த்து வைத்த வெள்ளைக் கூரை, சாய்ந்து உட்கார முந்நூறு நாற்காலிகள். அவற்றில் பதினேழு சாயாது, நாலு சாய்ந்தால் நிமிராது. விளக்கை அணைத்தால் ஒரு கணினி மென்பொருள் கூரை முழுக்க வானத்தை விரிக்கும். கோள்களும் அவற்றைச் சுற்றும் நிலாக்களும் தெரியும். எந்த நிலா எங்கே நிற்க வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்வது ஒரு கோப்பு. அந்தக் கோப்பு பழசாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அதனால் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் நிலாக்கா. சொந்தப் பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஆனால் அலுவலகப் பட்டியலில் அது கிடையாது. அங்கே 'தற்காலிகத் தரவாளர் (ஒன்று)' என்றுதான் இருக்கும். பதினோரு வருஷமாக அந்த ஒன்று அவள்தான்.

கோப்பு ஒன்றும் பெரிய மந்திரமில்லை. ஒரு நிலாவுக்கு ஒரு வரி. வரியில் ஏழெட்டு எண்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு சாய்வு, ஒரு சுற்றுக்கு எத்தனை நாள். கடைசியில் ஒரு தேதி. 'இந்தத் தேதியில் இந்த நிலா இந்த இடத்தில் நின்றது' என்று அர்த்தம். அங்கிருந்து கணக்குப் போட்டு இன்றைக்கு எங்கே நிற்கும் என்று மென்பொருள் காட்டும். ஆனால் நிலாக்கள் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை. சூரியன் ஒரு பக்கம் இழுக்கும், பக்கத்து நிலா இன்னொரு பக்கம் இழுக்கும், கணக்கு நாளாக நாளாகப் பிசகும். ஆகவே வானியலாளர்கள் புதிதாக அளந்து வெளியிடுகிற எண்களை வாங்கி, அவ்வப்போது வரியை முழுசாக மாற்ற வேண்டும். புது நிலா கண்டுபிடித்தால் புது வரி சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இரண்டு நெட்டுக்கோடும் இரண்டு படுக்கைக்கோடுமாக வேலி மாதிரி ஒரு குறி இருக்கிறதே, அதை ஒரு வரிக்கு முன்னால் வைத்துவிட்டால் மென்பொருள் அந்த வரியைப் படிக்காது. வரி கோப்பில் இருக்கும், கூரையில் தெரியாது. பழைய வரியை அழிக்க மனசில்லாதவர்கள் அப்படிச் செய்து வைப்பார்கள். நிலாக்கா அதை வேலி என்றே சொல்வாள்.

இனி மேற்பார்வையாளர். அவர் முதுகுக்குப் பின்னால் அலுவலகம் முழுக்க அவரைத் தேதியார் என்றுதான் சொல்லும். அவள் சேர்ந்த வருஷக் கடைசியில் அவர் அவள் தோளுக்கு மேலாகக் கோப்பை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பதறிப் போனார்.

"என்னம்மா இது, எல்லாத் தேதியும் போன வருஷத் தேதியா இருக்கு! காலாவதி ஆயிடுச்சே!"

"காலாவதி இல்ல சார். அன்னைக்கு அந்த நிலா எங்க நின்னுச்சுங்கறதுக்கான தேதி."

"நாளைக்கு ஆடிட்ல வந்து கேட்டா இப்படித்தான் சொல்லுவியா? புதுப்பிச்சுடு."

"புது எண்கள் வாங்கி மொத்த வரியையும் மாத்தணும் சார். தேதியை மட்டும் மாத்தினா எல்லாம் தப்பாயிடும்."

தேதியார் பொறுமையான மனிதர். வெளியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "இங்க பாரும்மா. என் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிச்சேன். அதுக்காக என்னையே புதுசாச் செஞ்சாங்களா? தேதியைத்தானே மாத்தினாங்க? நான் ஓட்டலையா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரி ஒண்ணாம் தேதியும் காலை பத்து மணிக்கு அவரே வந்து உட்கார்ந்து, எல்லா வரியிலும் தேதியை மாற்றுவார். மாற்றி முடித்ததும் டீ வரும். கூரையில் என்ன நடக்கும்? ஊர் உலகமெல்லாம் சுற்றப் போயிருந்த நிலாக்கள் அத்தனையும் ஒரே தாவலில், பதினோரு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்துக்கு வந்து அட்டென்ஷனில் நிற்கும். "பாத்தியா, எவ்வளவு ஒழுங்கு!" என்பார் தேதியார்.

மாதக் கடைசியில் ஒரு தாள் வரும். அதற்கு வானச் சான்று என்று பெயர். 'இவ்வரங்கத்தின் வானத்தை நான் நேரில் பார்த்தேன். வானம் சரியாக உள்ளது.' கீழே தரவாளர் கையெழுத்து. முதல் ஆறேழு மாதம் அவள் நிம்மதியாகப் போட்டாள், அப்போது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் போட்டதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு. தப்பு என்று எட்டு முறை எழுதிக் கொடுத்தாள். எட்டும் கிணற்றில் போட்ட கல். "நிரந்தர ஆணை வரட்டும், அப்புறம் எவ்வளவு வேணா பேசு" என்பார் தேதியார். தற்காலிகமாக இருக்கிறவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால்கூடக் கூலி போய்விடும். பதினோரு வருஷமாக அவள் அந்த ஒரு ஆணைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் வேறு ஒரு கல் இருந்தது. கருங்கல்லில் தங்க எழுத்து: 'சனிக்கோளின் நிலாக்கள் 62'. அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் இயக்குநரின் பெயர். அவள் வேலையில் சேர்ந்த வாரம்தான் அதைத் திறந்தார்கள். அன்றைக்கு அறுபத்திரண்டு என்பது சரியான கணக்கு. ஆனால் ஆகாயத்தைப் பார்க்கிறவர்கள் கல்லைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்களா? எண்பத்திரண்டு ஆயிற்று. நூற்று நாற்பத்தாறு ஆயிற்று. அப்புறம் ஒரே அறிவிப்பில் நூற்று இருபத்தெட்டைச் சேர்த்து இருநூற்று எழுபத்து நாலு என்றார்கள். அந்த அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் தேதியாரிடம் ஓடினாள்.

"ஒரே பிரசவத்துல நூத்தி இருபத்தெட்டா?" என்றார் தேதியார். "சனின்னாலே ஏழரைதான்."

இதெல்லாம் இப்படியே ஓடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியில், மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் "தப்பு!" என்று கத்தாமல் இருந்திருந்தால்.

கத்தியவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வீட்டு மாடியில் சின்னதாக ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். காட்சி முடிந்ததும் நேரே நிலாக்காவின் அறைக்கு வந்தார். அந்த அறையில் ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. அவரை உட்கார வைத்துவிட்டு அவள் நின்றாள்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். எந்த ஸ்டாப்ல எது நிக்கும்னு எனக்குத் தெரியும். சனியோட பெரிய நிலா, டைட்டன், நேத்து சாயங்காலம் மேற்கே நின்னுச்சு. உங்க கூரையில கிழக்கே நிக்குது."

வாசல் பக்கம் வந்த தேதியார் அதைக் கேட்டுவிட்டார். "தொலைநோக்கியில தலைகீழாத் தெரியும் பெரியவரே."

"தெரியும் சார். அதைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்."

தேதியாருக்கு முகம் சுருங்கியது. புகாரை எழுதிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் பதில் போயிற்று: 'தங்கள் தொலைநோக்கி இவ்வரங்கத்தின் அங்கீகாரம் பெற்றதன்று. எனவே தாங்கள் கண்டது கணக்கில் கொள்ளப்படவில்லை. மேற்படி நிலா மேற்படி இடத்தில் நின்றதற்கு அந்த நிலாவிடமிருந்தோ உரிய அதிகாரியிடமிருந்தோ சான்று பெற்று மீண்டும் அணுகவும்.'

பஸ்காரர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிலாக்காவைப் பார்க்க வந்தார். கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் கோபப்படவில்லை.

"அவங்களை விடும்மா. வானச் சான்றுன்னு வாசல்ல மாட்டியிருக்காங்களே, அதுல இருக்கறது உன் கையெழுத்தா?"

"ஆமாங்கய்யா."

"நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கே?"

அவள் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, போய்விட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. அன்று சாயங்காலம் வரை எந்த வேலையும் ஓடவில்லை.

மறுநாள், கல்லில் இல்லாத இருநூற்றுப் பன்னிரண்டு புது நிலாக்களையும் சேர்க்க அனுமதி கேட்டு ஒன்பதாம் முறையாக எழுதினாள். இந்த முறை, புதிதாக எது சேர்ந்தாலும் அலுவலகத்தில் நிரப்ப வேண்டிய சேர்க்கைப் படிவத்தையே கேட்டு வாங்கி, ஒரு நிலாவுக்கு ஒன்று வீதம் நிரப்பினாள். படிவம் நாற்காலிக்கும் ஆளுக்கும் பொதுவானது. தகப்பன் பெயர்: சனி. பிறந்த தேதி: தெரியவில்லை, மிகப் பழையது. முன்பு வேலை செய்த இடம்: இதே இடம். நிலையான முகவரி: கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடையாளங்கள் இரண்டு: மிகச் சிறியது, மிகத் தொலைவில் உள்ளது. கை வலித்தது. மூன்று நாள் ஆயிற்று.

நாலாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தன. மேலே தேதியாரின் குறிப்பு: 'நிலையான முகவரி இல்லாதவற்றை நிலையான பட்டியலில் சேர்க்க விதியில்லை. மேலும் எவற்றிலும் புகைப்படம் ஒட்டப்படவில்லை.'

அவள் விடவில்லை. இயக்குநர் அறைக்கு நேரே போனாள். படிவக் கட்டை மேஜை மேல் தொப்பென்று வைத்தாள். இயக்குநர் பெரிய மனசு பண்ணி அன்றைக்கே குழுவைக் கூட்டினார். குழு என்றால் அவரும் தேதியாரும்தான். இன்னொரு உறுப்பினர் போன வருஷம் இறந்துவிட்டார். அவர் பெயரைக் குழுவிலிருந்து எடுப்பதற்கான கோப்பு நடந்துகொண்டிருந்தது.

"நான் இங்க வந்து இருபத்தஞ்சு வருஷம்," என்று தொடங்கினார் இயக்குநர். "ஒரு தடவையாவது நம்ம வானத்தைப் பத்தி மேலிடத்துல இருந்து கேள்வி வந்திருக்கா? வரலை. ஏன்? நாம எதையும் மாத்தினதில்ல. மாத்தினா என்ன ஆகும்? முன்னாடி இருந்தது தப்புன்னு ஆகும். முன்னாடி அனுமதி குடுத்தது யாரு? நான். அப்ப தப்பு யாரோடதுன்னு ஆகும்?"

தேதியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"சனியோடது சார்," என்றார் தேதியார்.

"கரெக்ட். அறிவியல் மாறிக்கிட்டே இருக்கும், அது அதோட கெட்ட குணம். ஒரு நிறுவனம் அப்படி நிலையில்லாம இருக்க முடியுமா? கல்லுல வெட்டி வெச்சிருக்கோம்."

"கல்லை மாத்திடலாமே சார்," என்றாள் நிலாக்கா.

"கல்லுல என் பேர் இருக்கும்மா."

தேதியார் குறுக்கே வந்தார். அவர் அவள் கோப்பை எட்டிப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கற்றிருந்தார். "சார், அந்தக் கோப்புல வேலின்னு ஒண்ணு உண்டு. அதைப் போட்டா..." அவளைப் பார்த்தார். "என்னம்மா ஆகும்?"

"வரி இருக்கும் சார். ஆனா கணக்குல வராது."

இயக்குநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அடேங்கப்பா! இதாம்மா நிர்வாகம்! இருக்கணும், ஆனா கணக்குல வரக்கூடாது. 'புது நிலா இருக்கா'ன்னு யாராவது கேட்டா, இருக்கு. 'எங்க'ன்னு கேட்டா, கோப்புல. எல்லாத்தையும் சேரு, எல்லாத்துக்கும் வேலி போடு. ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்ல. பதினோரு வருஷமா உன்னையே அப்படித்தானே வெச்சிருக்கோம்? ஒரு குறை வந்துச்சா சொல்லு?"

அவர் அதைப் பாசமாகத்தான் சொன்னார். அவளுக்குக் காது ரெண்டும் சுட்டது. படிவக் கட்டை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அவர் இன்னும் முடிக்கவில்லை. அடுத்த மாதம் அவருடைய இருபத்தைந்தாம் ஆண்டு வெள்ளி விழா. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். மேடையில் வைத்து நிலாக்கா வானச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட கையோடு அவளுடைய நிரந்தர ஆணையை இயக்குநரே கையில் கொடுப்பார்.

"ரெண்டும் ஒரே மேடையில," என்றார். "முதல்ல கையெழுத்து, அப்புறம் ஆணை. வரிசை மாறக்கூடாது, என்ன?"

அவள் போய்க் கோப்பில் உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் சேர்த்து, சொன்னபடி ஒவ்வொன்றுக்கும் வேலி போட்டாள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் சொல்லாத ஒன்றையும் செய்தாள். பழைய அறுபத்திரண்டு தப்பு வரிகளுக்கும் அடியில், ஒவ்வொன்றுக்கும் சரியான புது வரியை எழுதி, அதற்கும் வேலி போட்டு வைத்தாள். எதற்கென்று அவளுக்கே அப்போது தெரியாது. சரியானது எங்காவது ஓரிடத்திலாவது இருக்கட்டுமே என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

வீட்டு முன்னறையில் அவள் புருஷனுடைய தையல் கடை. அன்று தையல் மெஷின் மேல் ஒரு கறுப்புக் கோட்டு விரிந்து கிடந்தது.

"யாருக்குங்க இது?"

"உங்க இயக்குநருக்குத்தான். விழாவுக்காம்."

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஊசியைக் கோட்டில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "போட்டுடேன்," என்றார். "நூத்தி முப்பது தடவை போட்டாச்சு. இன்னும் ஒண்ணு. பதினோரு வருஷம் இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தோம்? உனக்கு ஜுரம் வந்து கிடந்தப்ப எட்டு நாள் கூலி போச்சே, மறந்துட்டியா?"

"மறக்கலைங்க."

"அப்புறம் என்ன? வானம் உன்கிட்ட வந்து கோவிச்சுக்கவா போகுது?"

அவள் பேச்சை மாற்றுவதற்காகக் கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க, இவ்வளவு சின்னதா இருக்கு? அவர் இப்ப ரெண்டு ஆள் கனம் இருக்காரே."

அவர் எரிச்சலோடு அளவு நோட்டை எடுத்துத் தூக்கிப் போட்டார். "பாரு. கல்லுத் திறப்பு விழாவுக்குத் தைச்சப்ப எடுத்த அளவு, பதினோரு வருஷத்துக்கு முந்தினது. புதுசா அளவு எடுக்கறேன்னு டேப்பை நீட்டினேன். 'நான் கொஞ்சமும் மாறலை, நோட்டுல இருக்கறதே இருக்கட்டும்'ங்கறார். ஒருத்தர் உடம்பு பதினோரு வருஷம் அப்படியே நிக்குமா? அவர் இஷ்டம், தைச்சுட்டேன். ஆனா ரசீதுல 'அளவு சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுன்னார். மாட்டேன்னுட்டேன்."

"ஏன், போட்டா என்ன?"

"நான் அளக்கவே இல்லையே! அளக்காத அளவுக்கு நான் எப்படி..."

பாதியில் நிறுத்திவிட்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஊசியை மறுபடி எடுத்து, நூலே இல்லாமல் இரண்டு தையல் போட்டார்.

"சரி," என்றார் ஒருவழியாக. "நான் சொன்னதை விடு. உனக்கு எது தோணுதோ அதைச் செய். ஆணை வராட்டிப் போகுது, மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

வெள்ளி விழா காலை பதினொரு மணிக்கு. மூன்றாம் வரிசையில் பஸ்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தையல்காரர். மேடையில் மேலிடத்து அம்மா, அதாவது பெரிய அதிகாரி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். இயக்குநர் புதுக் கோட்டில் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினார். அதனால் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக வந்தன.

"இந்த அரங்கம். ஒரு உறுதி. இருபத்தஞ்சு வருஷத்துல. உலகம் எவ்வளவோ மாறிடுச்சு. நாங்க மாறலை. வெளியில இருக்கற வானத்துல. எதை வேணா பாக்கலாம். யார் வேணா பாக்கலாம். அதுக்கு யார் பொறுப்பு? யாரும் இல்ல. இங்க இருக்கற வானத்துக்கு. கையெழுத்து இருக்கு!"

கைதட்டினார்கள். தேதியார் ஒரு தட்டில் வானச் சான்றையும் பேனாவையும் கொண்டுவந்தார். இன்னொரு தட்டில் உறை இருந்தது. உறைக்குள் ஆணை. ஆணையில் அவள் பெயர் அச்சாகியிருப்பது வெளியிலிருந்தே மங்கலாகத் தெரிந்தது. அலுவலகத் தாளில் அவள் பெயரை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். பிறகு மூடியைத் திரும்பப் போட்டாள். மைக் பக்கம் குனிந்தாள்.

"மன்னிக்கணும். நான் இதுல கையெழுத்துப் போட முடியாது. இந்த வானம் தப்பு."

இயக்குநர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று கூட்டத்துக்குக் காட்டுகிற சிரிப்பு. "பயத்துல சொல்லுது. போடும்மா."

"பயமெல்லாம் போன மாசமே போயிடுச்சு சார். மூணாவது வரிசையில உக்காந்திருக்காரே அந்த ஐயா, தன் வீட்டு மாடியில இருந்து பாத்ததுகூட நம்ம கூரையில சரியா இல்ல. நூத்தி இருபது தடவைக்கு மேல நான் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். சரியானது எதுன்னு இப்பவே காட்டறேன், ஒரு நிமிஷம்."

மேடையிலிருந்து இறங்கி விறுவிறுவென்று கணினிக்குப் போனாள். விளக்கை அணைத்தாள். பழைய அறுபத்திரண்டு வரிகளுக்கும் வேலி. புது வரிகள் இருநூற்று எழுபத்து நாலின் வேலியும் காலி. வேலை மொத்தமும் நாலு விசைதான்.

கூரையில் சனி எழுந்தது. டைட்டன் கிழக்கே இருந்து விசுக்கென்று மேற்கே போய் நின்றது. "அப்படிப் போடு!" என்றது மூன்றாம் வரிசை. அப்புறம் சனியைச் சுற்றிப் புள்ளிகள் வரத் தொடங்கின. பத்து, இருபது, ஐம்பது. வளையத்துக்கு வெளியே, அதற்கும் வெளியே, கூரையின் ஓரம் வரைக்கும், ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குச் சாய்ந்த பாதையில் சுற்றிக்கொண்டு. கூட்டம் வாயைப் பிளந்தது. எங்கோ ஒரு குழந்தை சத்தமாக எண்ண ஆரம்பித்தது.

"நிறுத்து!" என்று இரண்டு கையையும் உயர்த்தினார் இயக்குநர். "இது அனுமதி பெறாத வானம்!"

கையை உயர்த்தியது தப்பாகப் போயிற்று. நடு பட்டன் விருட்டென்று தெறித்துப் பறந்து, மைக்கில் பட்டு, டங் என்று அரங்கம் முழுக்கக் கேட்டது. இருட்டில் தையல்காரர், "நான் அளக்கலைங்க," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

விளக்குப் போட்டதும் மேலிடத்து அம்மா எழுந்து நின்று கை தட்டினார். "பிரமாதம்! இத்தனை நிலாவா! இவ்வளவு நாளா இதையெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?"

"கோப்புல மேடம்," என்றார் தேதியார், பழக்க தோஷத்தில்.

அம்மா கார் ஏறிப் போனதும் இயக்குநர் அறையில் பூகம்பம். "அவளை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்குங்க!"

"தூக்க முடியாது சார்," என்றார் தேதியார். "நீக்கறதுக்குப் பட்டியல்ல பேர் இருக்கணும். அவ பேர் பட்டியல்ல இல்லை. இல்லாத பேரை எப்படி நீக்கறது?"

"அப்ப சேருங்க! சேத்துட்டு நீக்குங்க!"

அப்படியே ஆயிற்று. மூன்று மணிக்கு ஆணையை அவளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றரை மணிக்கு நீக்கப் போனபோது தேதியார் விதிப்புத்தகத்தில் இன்னொரு பக்கத்தைப் புரட்டிவிட்டார். நிரந்தர ஊழியரை நீக்க மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்க வேண்டும். குழுவில் இருப்பது இரண்டு பேர். இறந்துபோன மூன்றாமவர் பெயரை எடுக்கும் கோப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"சரி, பழைய வானத்தையாவது திரும்பப் போடுங்க," என்றார் இயக்குநர், கோட்டைப் பிடித்துக்கொண்டு.

போடலாம். வானத்தை மாற்றினால் சான்று வேண்டும். 'நேரில் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். நிலாக்கா மாட்டேன் என்றுவிட்டாள். தேதியாருக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. திடீரென்று வலது மணிக்கட்டில் பிடிப்பு என்றார். "நீங்களே போடுங்க சார்," என்று பேனாவை இயக்குநர் பக்கம் நகர்த்தினார். இயக்குநர் அந்தத் தாளைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் அதை முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். "நேர்ல பாத்தேன்னுல்ல போட்டிருக்கு?" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே புது வானம் அப்படியே இருந்தது. வாசல் கல்லுக்கு முன்னால் மட்டும் ஒரு பெரிய பூந்தொட்டி வந்தது.

எதுவும் நடக்கவில்லை என்று இருந்துவிடக் கூடாதே. நிலாக்கா மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மூன்று பக்கத்துக்குக் குறையக்கூடாது.

கொடுத்தாள். சரியாக மூன்று பக்கம். 'மேடையில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு மிகவும் வருந்துகிறேன்.' 'அனுமதியில்லாமல் நிலாக்களை வெளியே விட்டது பெரும் பிழை.' 'இயக்குநர் அவர்களின் பெருந்தன்மையை என்றும் மறவேன்.' எல்லாம் இருந்தது, ஒன்றும் குறையவில்லை. தேதியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒவ்வொரு வரிக்கும் முன்னால என்னம்மா இது, கோடு கோடா?"

"வேலி சார். குழுவுல முடிவான முறைதான். மன்னிப்பு இருக்கும், ஆனா கணக்குல வராது."

தேதியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். தாளைப் பார்த்தார். தேதி போட்டிருக்கிறதா என்று மேல் ஓரத்தில் தேடினார். அன்றைய தேதி, சரியாக இருந்தது. முத்திரை குத்தினார். கடைசிப் பக்கத்தைப் புரட்டியபோது ஒரு நொடி கை நின்றது. அங்கே ஒரே ஒரு வரிக்கு மட்டும் வேலி இல்லை.

'இவ்வரங்கத்தின் வானத்தை நான் நேரில் பார்த்தேன். வானம் சரியாக உள்ளது.' அதற்குக் கீழே நிலாக்கா தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.